ஒரு வரி கோட் எழுதறதுக்கு முன்னாடியே 2,400 வெள்ளி குடுத்தோம்: எங்க செம்பனை ராம்ப் சாப்ட்வேர் ரிவியூ

மலேசியாவுல, பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில எங்க குடும்பத்துக்கு ஒரு செம்பனை ராம்ப், அதாவது எண்ணெய்ப்பனை பழம் வாங்குற எடம், இருக்கு. ரெண்டு ஏக்கர், அஞ்சு ஏக்கர்னு சொந்தமா காடு வச்சிருக்கவங்க வெட்டுன குலைய பிக்கப்புலயும் சின்ன லோரியிலயும் கொண்டாந்து எங்க தராசுல ஏத்தி எடை போட்டு விப்பாங்க, நாங்க அத சேத்து பெரிய லோரியில மில்லுக்கு அனுப்புவோம். மாசத்துக்கு சுமாரா 300 டன் ஓடும், 212 சிறுதோட்டக்காரங்க வழக்கமா நம்மகிட்டதான் போடுறாங்க. அப்பா தோட்டத்துல கிராணியா (கிளார்க்கா) இருந்துட்டு வெளிய வந்து ஆரம்பிச்ச வியாபாரம், இப்ப நானும் அண்ணனும் பாக்குறோம். இந்த ராம்புக்குன்னே தனியா ஒரு சாப்ட்வேர் செஞ்சு வாங்குனோம், அத செஞ்சு குடுத்த ஈப்போ பிள்ளைங்க ரெண்டு பேரோட சர்விஸ பத்திதான் இந்த ரிவியூ. காசு (வெள்ளின்னா மலேசிய ரிங்கிட்) எவ்வளவு போச்சு, எங்க போச்சுன்னும் முழுசா எழுதுறேன், ஏன்னா நான் தேடி அலைஞ்சப்ப தமிழ்ல யாரும் கணக்கோட எழுதி வச்சத பாக்கல. அவங்க பேரு போடல, ரெண்டே பேர் இருக்க டீம், ஒரே நேரத்துல பத்து பேர் கூப்புட்டா தாங்க முடியாதுன்னு கேட்டுக்கிட்டாங்க.

மொதல்ல ஏன் கடையில விக்கிற ரெடிமேட் சாப்ட்வேர் பத்தலன்னு சொல்லிடுறேன். நாலஞ்சு பாத்தோம். எடை போட்டு டிக்கெட் அடிக்கிறது எல்லாத்துலயும் இருக்கு. ஆனா எங்க வியாபாரத்தோட உயிரே அட்வான்ஸ்லதான் இருக்கு. தீபாவளிக்கு, ஸ்கூல் தொறக்கறப்ப, வீட்டுல யாருக்காச்சும் ஒடம்பு முடியலன்னா, ஆளுங்க வந்து 300 குடு 500 குடுன்னு வாங்கிட்டு போவாங்க, உரத்த கடனுக்கு எடுப்பாங்க, அப்புறம் பழம் போடுறப்ப கொஞ்சம் கொஞ்சமா கழிப்போம். ஒரு தடவைக்கு எவ்வளவு கழிக்கறதுன்னு ஆளுக்கு ஆள் வித்தியாசம், வீட்டு நெலமைய பாத்து அப்பா முடிவு பண்ணுவாரு. இது எல்லாம் 555 புக்ல, அதான் அந்த சின்ன கடன் நோட்டுல, இருந்துச்சு, ஒரு பெட்டி நெறைய 555 புக். அப்புறம் வெல. எம்பிஓபி (மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம்) 1 சதவீத எண்ணெய்க்கு ஒரு வெல போடும், அத பழத்துல கெடைக்கற எண்ணெய் சதவீதத்தால பெருக்கணும், 1 சதவீதம் 43 வெள்ளின்னு வச்சுக்குங்க, 19 சதவீதத்துக்கு ஒரு டன் 817 வெள்ளி, அதுல லோரி கூலி, எங்க பங்கு கழிஞ்சு மீதிதான் சிறுதோட்டக்காரருக்கு. பழுக்காத குலை, நீளக் காம்பு, மழைத்தண்ணி, உதிரிப்பழம், ஒவ்வொன்னுக்கும் ஒரு கழிவு. இது மாதிரி அட்வான்ஸ் பழக்கம் உங்ககிட்ட இல்லன்னா தயவுசெஞ்சு ரெடிமேட் வாங்குங்க, தனியா செய்யாதீங்க, காசு மிச்சம்.

இப்ப மொத தடவை ஏமாந்தத சொல்லணும். 2024-ல கிள்ளான் பள்ளத்தாக்கு பக்கத்துல இருந்து ஒரு கம்பெனி. வாட்ஸ்அப்ல கேட்டோம், எத்தனை பேர் யூஸ் பண்ணுவீங்க, ஃபோன் ஆப் வேணுமான்னு ரெண்டு கேள்விதான் கேட்டாங்க, ரெண்டு மணி நேரத்துல கொட்டேஷன் வந்துருச்சு, 18,000 வெள்ளி. வேகமா பதில் போடுறாங்களே, தெறமசாலிங்கன்னு நெனச்சு பாதிய கட்டுனோம், 9,000. ஏழு மாசம் ஆச்சு. வந்தது மளிகை கடைக்கு போடுற பில்லிங் சிஸ்டம், மேல எங்க ராம்ப் பேரு, பொருள்னு இருந்த எடத்துல குலைன்னு மாத்தி வச்சிருந்தாங்க. தராசோட இணைக்கணுமேன்னு கேட்டா அது தனி காசுன்னாங்க, அட்வான்ஸ் கழிக்கணுமேன்னா அதுவும் தனி, மொத்தம் இன்னும் 22,000 ஆகும்னு சொன்னாங்க. அண்ணன் அன்னிக்கு நைட் சாப்புடல. அந்த 9,000 எங்களுக்கு திரும்பி வரவே இல்ல. கோவம் இன்னும் இருக்கு, ஆனா இப்ப யோசிச்சா, அவங்க கிட்ட எங்க வேலை என்னன்னு ஒரு பக்கம் கூட நாங்க எழுதி குடுக்கல, அவங்களும் கேக்கல, ரெண்டு பக்கமும் வெறும் பேச்சுதான்.

ஈப்போ பிள்ளைங்கள சொந்தக்காரர் ஒருத்தர் வழியா தெரிஞ்சுக்கிட்டோம். மொத கூட்டத்துல அண்ணன் கேட்ட மொத கேள்வி "மொத்தம் எவ்வளவு ஆகும் தம்பி"ன்னுதான். அதுக்கு அந்த பையன் சொன்னான், "அண்ணே, இப்ப நான் ஒரு நம்பர் சொன்னா அது பொய்யா போயிடும். ஒரு மாதிரி 15,000-லேர்ந்து 60,000 வரைக்கும் எங்க வேணும்னாலும் நிக்கலாம்." எங்களுக்கு தூக்கிவாரி போட்டுச்சு. பேரி போம்னு ஒரு அமெரிக்கரு 1981-லயே எழுதி வச்சிருக்காராம், சாப்ட்வேர் வேலையில ஆரம்பத்துல சொல்ற கணக்கு நாலு மடங்கு ஏறலாம், இல்ல நாலுல ஒரு பங்கா எறங்கலாம், வேலைய பத்தி தெரிய தெரியத்தான் அந்த இடைவெளி குறுகும்னு. அதனால மொதல்ல திட்டம் போடறதுக்கு மட்டும் தனியா 2,400 வெள்ளி குடுங்க, ரெண்டு வாரம் உங்க ராம்ப்ல வந்து உக்காருறோம், கடைசியில ஒரு ரிப்போர்ட்டும் விலையும் தர்றோம், புடிக்கலன்னா அந்த ரிப்போர்ட்ட எடுத்துட்டு வேற யாருகிட்ட வேணும்னாலும் செய்ய குடுங்கன்னு சொன்னாங்க.

வீட்டுல பெரிய வாக்குவாதம். ஏற்கனவே 9,000 போச்சு, இப்ப ஒன்னும் செய்யாம ஒக்காந்து பாக்கறதுக்கு 2,400-ஆன்னு அண்ணன். அப்பாதான் சொன்னாரு, காடு சுத்தம் பண்ணி லைன் அடிச்சு குச்சி நடறதுக்கும் கூலி குடுக்கறோம் இல்ல, அது வரைக்கும் ஒரு கன்னு கூட மண்ணுல எறங்கலையேன்னு. அதோட பேச்சு முடிஞ்சுச்சு.

2025 மார்ச்ல வந்தாங்க. இந்த ரெண்டு வாரத்த பத்தி கொஞ்சம் நீளமா எழுதுறேன், ஏன்னா நான் இந்த சர்விஸுக்கு மார்க் போடுறது பாதிக்கு மேல இதுக்குத்தான்.

மொத நாள் காலைல ஏழு மணிக்கே ரெண்டு பேரும் தராசு ரூம்ல. எங்க தராசு கிராணி அக்கா பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து, கம்பூட்டர தொறக்கவே இல்ல, ஒரு நோட்டு புக்குதான். லோரி ஏறுது, அக்கா என்ன பாக்குறாங்க, எத மொதல்ல எழுதுறாங்க, எத வாயால கத்தி சொல்றாங்க, எத எழுதாமலே ஞாபகத்துல வச்சிருக்காங்க, எல்லாத்தையும் எழுதுனாங்க. "அக்கா, இந்த லோரிக்கு ஏன் 2 சதவீதம் கழிச்சீங்க, முன்னாடி போனதுக்கு 3 கழிச்சீங்களே"ன்னு கேட்டாங்க. இவரு வீடு பக்கம், வழியில மழை புடிக்காது, அவரு பாகான் டத்தோ பக்கத்துல இருந்து மழையில நனைஞ்சு வர்றாருன்னு அக்கா சொன்னாங்க. இருபது வருஷமா அக்கா தலையில மட்டும் இருந்த விஷயம், எங்க யாருக்குமே தெரியாது.

மூணாவது நாள் மத்தியானம் நல்ல இடி, கரண்டு ட்ரிப் ஆகிடுச்சு, இன்டர்நெட் ரெண்டு மணி நேரம் இல்ல, வெளிய ஆறு லோரி வரிசையில நிக்குது. அக்கா கார்பன் பேப்பர் வச்ச புக்க எடுத்து கையால எழுதி ஓட்டிட்டாங்க. அத பாத்துட்டு அந்த பிள்ளைங்க அவங்க மனசுல வச்சிருந்த டிசைனையே மாத்துனாங்க. முழுக்க ஆன்லைன்ல ஓடுற மாதிரி யோசிச்சிருந்தாங்களாம், இப்ப மொதல்ல ராம்ப்ல இருக்க கம்பூட்டர்லயே சேமிச்சுட்டு, லைன் வந்தப்புறம் மேல ஏத்துற மாதிரி. அதுக்கு வேலை கூடுதல், ஆனா திட்டத்துலயே தெரிஞ்சதனால விலையிலயும் அப்பவே சேந்துருச்சு. பாதி கட்டுனப்புறம் தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சாலே பயமா இருக்கு.

அடுத்து தராசு. எடைய காட்டுற எங்க இண்டிகேட்டர் 14 வருஷம் பழசு, பின்னாடி கம்பூட்டரோட இணைக்கற ஆர்எஸ்-232 போர்ட் ஒன்னு இருக்குன்னே எங்களுக்கு தெரியாது, தூசி படிஞ்சு கெடந்துச்சு. ஒரு யூஎஸ்பி கேபிள் மாட்டி எடை எப்படி வருதுன்னு பாத்தாங்க, லோரி ஆடுறப்ப நம்பர் ஓடிக்கிட்டே இருக்கு, எது நின்ன எடைன்னு இண்டிகேட்டர் தெளிவா சொல்லல. அதனால அந்த ஒரு வேலைக்கு மட்டும் மூணு கணக்கு போட்டாங்க, எல்லாம் நல்லா நடந்தா 5 நாள், சாதாரணமா 8 நாள், மோசமா போனா 20 நாள். நடு கணக்க நாலால பெருக்கி மத்த ரெண்டையும் கூட்டி ஆறால வகுத்தா 9.5 நாள். இது 1958-ல அமெரிக்க கடற்படை போலாரிஸ் ஏவுகணை திட்டத்துக்கு கண்டுபுடிச்ச முறையாம். ஊத்தான் மெலிந்தாங் ராம்புக்கு அதே கணக்கு ஒத்துவருதுங்கறதுல எனக்கு ஒரு சந்தோஷம். இந்த மூணு கணக்குல ஒரு நல்லது என்னன்னா, எந்த வேலையில 8-க்கும் 20-க்கும் நடுவுல அவ்வளவு தூரம் இருக்கோ அங்கதான் காசு கை மீறி போகும்னு நமக்கும் கண்ணுல தெரியுது. இன்னொன்னும் அவங்களே சொன்னாங்க, தராச வருஷா வருஷம் சரிபாத்து முத்திரை வாங்கணும்னு 1972 எடை அளவு சட்டத்துல இருக்கு, அதனால சாப்ட்வேர் எடைய படிக்க மட்டும்தான் செய்யும், தராசோட உள் செட்டிங்க தொடவே தொடாதுன்னு எழுதி குடுத்தாங்க.

ஆனா என்னைய உலுக்குனது இது இல்ல. ரெண்டாவது வாரம், பிப்ரவரி மாச டிக்கெட் மொத்தத்தையும் கேட்டாங்க, 424 டிக்கெட். 555 புக்கையும் வெல நோட்டையும் பக்கத்துல வச்சு ஒவ்வொன்னா திரும்ப கணக்கு போட்டாங்க, நானும் கூட உக்காந்தேன். 23 டிக்கெட் தப்பு. 14 டிக்கெட்ல நாங்க கூட குடுத்திருக்கோம், அதுல ஆறு அட்வான்ஸ் கழிக்க மறந்தது, மத்தது முந்தின நாள் வெலைய போட்டது, மொத்தம் 2,310 வெள்ளி. மிச்சம் 9 டிக்கெட்ல சிறுதோட்டக்காரங்களுக்கு கொறைச்சு குடுத்திருக்கோம், 440 வெள்ளி. எங்களுக்கு நிகர நஷ்டம் ஒரே மாசத்துல 1,870. அண்ணன் அந்த 1,870-ஐ பாத்தாரு. அப்பா 440-ஐ பாத்தாரு. ஒன்பது பேர் லிஸ்ட்ட எழுதி வாங்கிக்கிட்டு மறுநாள் மோட்டர எடுத்துட்டு ஒவ்வொரு வீடா போயி காச குடுத்துட்டு வந்தாரு, ஒரு பாட்டிக்கு வெறும் 11 வெள்ளிதான், அதுக்கும் போனாரு. யாருமே நம்மகிட்ட வந்து கேக்கல, ஏன்னா அவங்க நம்ம கணக்க நம்புனாங்க. அன்னிக்குதான் இந்த சாப்ட்வேர் கண்டிப்பா வேணும்னு முடிவாச்சு, வரி இலாகாவுக்கு ஆன்லைன்ல அனுப்ப வேண்டிய ஈ-இன்வாய்ஸுக்காக இல்ல.

ரெண்டு வாரம் முடிஞ்சு 19 பக்க ரிப்போர்ட் வந்துச்சு. வேலைய நாலு பாகமா பிரிச்சிருந்தாங்க, ஒரு நாள் கூலி 500 வெள்ளி, மொத்தம் 60 நாள். தராசும் டிக்கெட்டும் 9,500, அட்வான்ஸும் பட்டுவாடாவும் 8,000, ஈ-இன்வாய்ஸ் 7,500, ரிப்போர்ட்டும் சிறுதோட்டக்காரருக்கு ஃபோன்ல செய்தி போறதும் 5,000. ஆக 30,000. அதுக்கு மேல 15 சதவீதம், 4,500 வெள்ளி, கைக்காவலா ஒதுக்கி வைங்க, அது எங்களுக்கு இல்ல, உங்க பேங்க்லயே இருக்கட்டும், திட்டத்துல இல்லாத ஒன்னு வந்தா மட்டும் பேசி எடுப்போம்னாங்க. எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) இல்ல, அவங்க வருமானம் 5 லட்சத்துக்கு கீழதான், ஆனா நீங்க பெரிய கம்பெனிகிட்ட போறீங்கன்னா 8 சதவீதம் சேத்து கணக்கு போடுங்க, 30,000-க்கு அதுவே 2,400 ஆயிடும்.

எந்த பாகத்த கடைசிக்கு தள்ளலாம், எத விடலாம்னு எங்களையே முடிவு பண்ண சொன்னாங்க. அண்ணனுக்கு ஃபோன் ஆப் மேல ஒரே ஆசை, எங்கிருந்தும் பாக்கலாம்னு. அந்த பையன் கேட்டான், "அண்ணே, நீங்க எப்ப ராம்ப விட்டு வெளிய இருக்கீங்க?" அண்ணன் யோசிச்சு பாத்துட்டு ஆப்ப வெட்டிட்டாரு. 11,000 வெள்ளி மிச்சம், அந்த 30,000-ல அது சேக்காத கணக்கு. வாங்க வந்த ஆளுகிட்ட இது வேணாம்னு எடுத்து சொல்ற வியாபாரிய நான் அடிக்கடி பாத்ததில்ல.

பணம் கட்டுற முறையும் மொதல்லயே பேசிட்டோம், மொத அனுபவத்துல நல்லா சூடு பட்டதால நான் இதுல பிடிவாதமா இருந்தேன். ஆரம்பத்துல 6,000, ஒவ்வொரு பாகமும் நெஜமா ராம்ப்ல ரெண்டு வாரம் ஓடுனப்புறம் 5,250, கடைசி 3,000 மூணு மாசம் கழிச்சு. செஞ்சு முடிச்சா காசுங்கறது இல்ல, ஓடுனா காசு. சோர்ஸ் கோட் எங்க பேருல உள்ள அக்கவுண்ட்லயே இருக்கணும்னும் கேட்டேன். நம்ம நாட்டு 1987 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துல காசு குடுத்து செய்ய சொன்னவங்களுக்குத்தான் உரிமை போகுது, ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதுனா அது மாறிடும், அதனால எழுதி வாங்கறது முக்கியம். 212 பேரோட ஐசி (அடையாள அட்டை) நம்பரும் பேங்க் நம்பரும் அதுக்குள்ள இருக்கு, நாளைக்கு யாரும் அத தூக்கிட்டு போயிட கூடாது இல்ல. சின்ன, நடுத்தர தொழில்களுக்கு அரசாங்கத்தோட பிஎம்கேஎஸ் மடானி டிஜிட்டல் மானியம்னு ஒன்னு இருந்துச்சு, பாதி செலவு, 5,000 வெள்ளி வரைக்கும், பிஎஸ்என் பேங்க் வழியா. விசாரிச்சோம், அது பதிவு பண்ண கம்பெனிகளோட சேவைக்குத்தான், எங்களுக்கு அமையல, நீங்க ரெடிமேட் எடுக்கறதா இருந்தா இன்னும் இருக்கான்னு கண்டிப்பா கேட்டு பாருங்க.

வேலை எப்படி நடந்துச்சு. மொத பாகம் ஜூலைல ஓட ஆரம்பிச்சுது. அந்த தராசு வேலை பயந்த மாதிரியே 14 நாள் இழுத்துச்சு, 9.5-க்கு மேல போன 4.5 நாளுக்கு 2,250 கைக்காவல்ல இருந்து போச்சு. ஆனா யாரும் யாரு மேலயும் கத்தல, ஏன்னா அந்த எடத்துல இழுக்கும்னு மார்ச்லயே பேப்பர்ல இருந்துச்சு. அட்வான்ஸ் பாகம் செப்டம்பர்ல முடிஞ்சுது, தீபாவளி அக்டோபர் 20, அதுக்கு முந்தின ரெண்டு வாரம் 130 பேருக்கு மேல அட்வான்ஸ் வாங்குனாங்க, ஒன்னு கூட விட்டுப் போகல. ஆளுக்கு ஆள் எவ்வளவு கழிக்கணும்னு அப்பாவே மாத்துற மாதிரி ஒரு கட்டம் வச்சிருக்காங்க, அப்பா கண்ணாடிய போட்டுக்கிட்டு ஒரு வெரலால தட்டி மாத்துவாரு. அந்த முடிவ கம்பூட்டர் எடுக்க கூடாதுன்னு அவரு சொன்னத அப்படியே கேட்டு செஞ்சாங்க, அதுக்காகவே நான் அவங்கள மதிக்கிறேன்.

ஈ-இன்வாய்ஸ் பாகம்தான் லேட். நவம்பர் நடுவுல வரணும், டிசம்பர் மொத வாரம்தான் வந்துச்சு, மூணு வாரம் தாமதம். எங்கள மாதிரி வருஷம் 10 லட்சத்துக்கு மேல 50 லட்சம் வரைக்கும் விக்கறவங்களுக்கு 2026 ஜனவரி 1-லேர்ந்து ஈ-இன்வாய்ஸ் கட்டாயம், அதனால அந்த மூணு வாரம் எனக்கு தூக்கமே இல்ல. எங்ககிட்ட பழம் போடுற பலருக்கு வாங்குற நாங்கதான் செல்ஃப்-பில்ட் இன்வாய்ஸ் போடணும்னு ஆடிட்டர் சொன்னாரு, உங்க கதை வேறயா இருக்கலாம், உங்க ஆடிட்டர கேட்டுட்டு திட்டம் போடுங்க. டிக்கெட் அடிச்ச ஒடனே இன்வாய்ஸ் போகல, பட்டுவாடா முடிஞ்சப்புறம்தான் போகுது, ஏன்னா எல்எச்டிஎன் (வரி இலாகா) சரிபாத்தப்புறம் ரத்து பண்ண 72 மணி நேரம்தான் டைம், எங்க ஆளுங்க எடையில சந்தேகம்னா அடுத்த ரவுண்டு வர்றப்பதான் வந்து கேப்பாங்க. இதுவும் அந்த ரெண்டு வாரத்துல அக்கா பக்கத்துல உக்காந்து தெரிஞ்சுக்கிட்டதுதான். மாசத்துக்கு பத்து இருபது இன்வாய்ஸ்தான்னா வரி இலாகாவோட மைஇன்வாய்ஸ் போர்ட்டல்லயே சும்மா கையால போடலாம், அதுக்காக 7,500 செலவு பண்ண வேணாம்.

கொறைய மறைக்க மாட்டேன். ரசீதுல தமிழ்ல பேரு வரணும்னு கேட்டிருந்தோம், திட்டத்துலயும் ஒரு வரி இருந்துச்சு, ஆனா யாரும் எங்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்ல அடிச்சு பாக்கல. மொத நாள் அடிச்சா கொம்பு தனியா எழுத்து தனியா கால் தனியா செதறி கெடக்கு, "கோவிந்தன்"னு அடிச்சா யாராலயும் படிக்க முடியல. கடைசியில எழுத்த படமா மாத்தி அனுப்பி சரி பண்ணாங்க, ஆனா ரசீது அடிக்க ரொம்ப நேரம் ஆச்சு, அதனால பேரும் தலைப்பும் மட்டும் தமிழ், மத்தது எல்லாம் மலாய்லயும் நம்பர்லயும். அந்த செலவ அவங்களே ஏத்துக்கிட்டாங்க, எங்க தப்பு அக்கா, நாங்க சோதிச்சிருக்கணும்னு சொன்னாங்க. பயிற்சி அரை நாள்தான் குடுத்தாங்க, பத்தல, கிராணி அக்காவுக்கு ரெண்டு நாளாச்சும் வேணும். கையேடு முழுக்க இங்கிலீஷ், அக்காவுக்காக நான் உக்காந்து தமிழ்ல எழுதுனேன். ஞாயித்துக்கிழமை ஃபோன் எடுக்க மாட்டாங்க, ஒப்பந்தத்துலயே அப்படித்தான் இருக்கு, கையெழுத்து போட்டப்ப நானும் அத யோசிக்கல, ஆனா ராம்ப் ஞாயித்துக்கிழமையும் ஓடுது.

நாங்களே பட்ஜெட்ல விட்டதும் இருக்கு. மினி கம்பூட்டர் 1,900, பிரிண்டர் 1,100, யூபிஎஸ் 650. 212 பேரோட எம்பிஓபி லைசென்ஸ் நம்பர், ஐசி, பேங்க், வரி நம்பர் எல்லாத்தையும் வாங்கி ஏத்த அக்காவுக்கு ஓவர்டைம் 1,380, அதுக்கு ஆறு வாரம் ஆச்சு, பாதி பேருக்கு வரி நம்பர்னா என்னன்னே தெரியாது, நான்தான் ஒவ்வொருத்தரா ஃபோன்ல தேடி எடுத்து குடுத்தேன். மொத்தம் 5,030. நடுவுல நாங்களா கேட்ட ஒரு மாத்தம், ஒரே லோரியில ரெண்டு தரம் பழம் இருந்தா ரெண்டு வெல போடறது, 950 கைக்காவல்ல இருந்து. ஆக கைக்காவல் 4,500-ல 3,200 போயி 1,300 மிச்சம்.

கூட்டி பாத்தா திட்டம் 2,400, கட்டுனது 30,000, கைக்காவல் 3,200, எங்க செலவு 5,030, மொத்தம் 40,630. இதோட முடியல. பராமரிப்பு வருஷம் 3,600, சர்வர் வாடகை மாசம் 85. எல்எச்டிஎன் ஒன்ன மாத்துனா நாமளும் மாத்தணும், விண்டோஸ் மாறுனா மாத்தணும், அதனால பராமரிப்பு இல்லாம ஓட்டிடலாம்னு நெனைக்காதீங்க. அஞ்சு வருஷத்துக்கு சேத்து போட்டா 63,730, மாசம் சுமாரா 1,062. அண்ணனுக்கு இந்த மாதிரி பெரிய நம்பர் சொன்னா மண்டையில ஏறாது, 300 டன்னால வகுத்து குடுத்தேன், டன்னுக்கு 3 வெள்ளி 54 காசு. எங்க தொழில்ல எல்லாம் டன் கணக்குதான், லோரி கூலிய ஒரு டன்னுக்கு ரெண்டு வெள்ளி ஏத்துனாலே சண்ட போடுறவரு, இத பாத்துட்டு சரின்னாரு, மாசம் 1,870 தப்பா போயிட்டு இருந்துச்சே.

இப்ப ஏப்ரல் 2026. மார்ச் மாச டிக்கெட்ட எடுத்து நானே பழைய மாதிரி கையால சரிபாத்தேன், 431-ல தப்பு ரெண்டு, ரெண்டும் கரண்டு இல்லாதப்ப கையால எழுதி அப்புறம் ஏத்துனது. சிறுதோட்டக்காரங்க ஃபோனுக்கு எடை, வெல, கழிச்ச அட்வான்ஸ், மிச்ச கடன் எல்லாம் செய்தியா போகுது, பிப்ரவரியில ஆரம்பிச்சோம். மொத வாரம் நாலஞ்சு பேர் வந்து என் கடன் இவ்வளவுதானான்னு கேட்டாங்க, கூட இருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்காங்க பாவம்.

5-க்கு 4 ஸ்டார். தமிழ் ரசீதுக்கும் அந்த அரை நாள் பயிற்சிக்கும் ஒரு ஸ்டார் கொறைச்சேன், இத அவங்ககிட்ட நேராவே சொல்லிட்டேன். திட்டம் போட்ட அந்த ரெண்டு வாரத்துக்கு மட்டும் தனியா மார்க் போட சொன்னா 5 குடுப்பேன். அடுத்து உரக் கடன் ஸ்டாக்க சேக்கறதுக்கு ரெண்டு நாள் திட்டத்துக்கு 1,000 கேட்டிருக்காங்க, இந்த தடவ அண்ணன் ஒரு வார்த்த பேசல.

கீழ் பேராக் பக்கம் ராம்ப் வச்சிருக்கவங்க யாராச்சும் ஓடுறத பாக்கணும்னா நேர்ல வாங்க, கிராணி அக்கா காட்டுவாங்க. பத்து மணிக்குள்ள வந்துடுங்க, அதுக்கப்புறம் லோரி வரிசை ஆரம்பிச்சுரும். வர்றப்ப உங்க ராம்ப்போட ஒரு மாச டிக்கெட்ட கொண்டாங்க, உக்காந்து சேந்தே கணக்கு போட்டு பாப்போம்.